வெள்ளைப் புள்ளி

ஜீவராணி: மெதுவா பேசுங்க டொக்டர். அவரு முன் ரூமுலதான் ஒக்காந்திருக்காரு. கண்ணு போனாலும் போச்சு, காது ரெண்டும் கூர்மையாயிருச்சு. எலி ஓடுனா எந்த மூலைக்கு ஓடுச்சுன்னு சொல்றாரு.

தனேஸ்வரன்: அப்ப இந்தக் கதவைச் சாத்துவம்.

ஜீவராணி: ஐயோ, வேணாம் வேணாம். புழுக்கமா இருக்கு.

தனேஸ்வரன்: புழுக்கமோ? பதுளையிலயோ? இந்த மழைக்குள்ளயோ? நான் சுவெற்றர் போட்டுக்கொண்டு நிக்கிறன் ஜீவராணி.

ஜீவராணி: பல்லு புடுங்குற ரூமு வேற… சாத்துனா பயமா இருக்குங்க. தொறந்தே கெடக்கட்டும். நான் அடங்குன கொரல்லயே சொல்றேன்.

தனேஸ்வரன்: சரி, சொல்லுங்கோ. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமா ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில இருந்து இவ்வளவு பாரத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறியள். டைப்ரைட்டர் மெசினுக்கு என்ன? புது வருசத்துக்கு முதல் நான் குடுக்கேக்க தங்கம் மாதிரி ஓடினது.

ஜீவராணி: இப்பவும் ஓடுது. கீ எல்லாம் பூ மாதிரி எறங்குது. வரி முடிஞ்சா மணி அடிக்குது. ஆனா…

தனேஸ்வரன்: ஆனா?

ஜீவராணி: எழுத்து விழலீங்க.

தனேஸ்வரன்: எந்த எழுத்து? 'ழ' வோ? அது கொஞ்சம் இழுபறிதான்.

ஜீவராணி: எந்த எழுத்துமே விழல.

தனேஸ்வரன்: எனக்கு விளங்கேல்ல…

நிமலன்: டொக்டர்! இந்த சன்னல் பக்கம் இருக்குறது புது ஆளு போல? போன தடவ இந்த எடத்துல பூச்சட்டி தானே இருந்துச்சு?

தனேஸ்வரன்: ஓம் நிமலன்! பசறையில ஒரு கூட்டுறவுச் சங்கத்தை மூடிப்போட்டாங்கள். அங்கத்தைய மெசின் அலவியின்ர பழைய இரும்புக் கடையில கிடந்தது. மழையில நனைஞ்சுகொண்டு… விட்டிட்டு வரேலாமப் போச்சு. தொட்டுப் பாருங்கோ.

நிமலன்: இது ஒலிவெட்டி. ஒடம்பு வழுவழுன்னு இருக்கு.

தனேஸ்வரன்: பிழை! ரெமிங்டன். வழுவழுப்பு நான் போட்ட பெயின்ற்!

நிமலன்: பெயின்ட்ட அடிச்சு என்னய ஏமாத்திட்டீங்களே டொக்டர்!

ஜீவராணி: பாத்தீங்களா? சிரிக்கிறாரு. இந்த வீட்டுக்கு வந்தாதான் அந்த சிரிப்பு வரும்.

தனேஸ்வரன்: என்ர பேஷன்ற் ஒருத்தரும் இஞ்ச வந்து சிரிக்கிறேல்ல. வாயைப் பொத்திக்கொண்டு வருவினம். அவர் ஒராள்தான்.

ஜீவராணி: அன்னைக்கும் அவரு கடவாப் பல்லப் புடுங்கத்தானே வந்தோம். பல்லு டொக்டரு வீட்டு முன் ரூமுல, நாக்காலிக்கு பதிலா டைப்ரைட்டரா அடுக்கி வச்சிருந்தீங்க. கை பட்டுச்சு. ஒக்காந்தாரு. பத்து வெரலும் எறங்குச்சு பாருங்க…

தனேஸ்வரன்: தகரத்தில மழை பெஞ்ச மாதிரி. நான் கையுறையோட வெளியில ஓடி வந்தனான். கதிரையில வாயைத் திறந்துகொண்டு கிடந்த மனிசியை அப்பிடியே விட்டிட்டு.

ஜீவராணி: அவங்க இன்னும் உங்கள ஏசிக்கிட்டு இருப்பாங்க.

தனேஸ்வரன்: ஏசட்டும். நான் இந்த மெசின்களைக் கழட்டித் துடைக்கிறன், எண்ணெய் விடுறன், எழுத்து இடுக்கில இருக்கிற அழுக்கைப் பல்லு நோண்டுற ஊசியால நோண்டுறன். எல்லாம் சரி. ஆனா எனக்கு ரெண்டு விரலாலதான் அடிக்க வரும். முறையா அடிக்கிற ஆளின்ர கை இந்த வீட்டில படாமலே இருந்தது. அதுதான் அந்தத் தமிழ் மெசினை அவருக்குத் தூக்கிக் குடுத்தனான்.

ஜீவராணி: அத நான் சாகும் மட்டும் மறக்க மாட்டேன் டொக்டர். தேயிலத் தோட்டத்து ஆபீசுல கிளாக்கரா இருந்த மனுசன். சீனி வருத்தத்துல கண்ணு மங்கி, வேல போயி, ஆபீசு குடுத்த கோட்டர்ஸ விட்டு மறுபடி தொழிலாளிங்க லயத்துக்கே வந்தோம். வந்ததுலேர்ந்து செவத்தப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருப்பாரு. சாப்புடுன்னா சாப்புடுவாரு, தூங்குன்னா தூங்குவாரு. எங்கூட பேச்சே நின்னு போச்சு. "ம்"… அது ஒண்ணுதான். நீங்க மெசின குடுத்தீங்க, மறுநாளே தலய வாரிக்கிட்டு அது முன்னாடி ஒக்காந்துட்டாரு.

தனேஸ்வரன்: பிறகு என்ன குறை?

ஜீவராணி: அடிக்கிறாரு, டொக்டர். தெனமும் பொழுது சாஞ்சதும் ஒரு தாளு. மொத நாளு நான் மலைலேர்ந்து வர்றேன், லயத்து வாசல்லயே சத்தம் கேக்குது. கூடைய எறக்கி வச்சுட்டு, ஆசை ஆசையா ஓடிப் போயி, "நான் வாசிக்கவா?"ன்னு தாள உருவுனேன். வெள்ளையா இருக்கு. ஒரு புள்ளி மை இல்ல.

தனேஸ்வரன்: ஐயோ! அவருக்குத் தெரியாதோ?

ஜீவராணி: எப்படித் தெரியும்? வெரலு எறங்குது, மணி அடிக்குது, தாளு வச்ச வண்டி நகருது. அவரப் பொறுத்த மட்டும் எழுத்து விழுந்துருச்சு. "என்ன… வாசிக்கலயா?"ன்னு கேட்டாரு. மொகத்தப் பாத்தேன். வேர்த்துக் கொட்டுது. ஒரு வருசம் கழிச்சு அந்த மூஞ்சில உசிரு வந்திருக்கு. "உங்க தாள்ல ஒண்ணுமே இல்ல"ன்னு நான் எந்த வாயால சொல்றது?

தனேஸ்வரன்: என்ன செய்தனீங்கள்?

ஜீவராணி: வாசிச்சேன்.

தனேஸ்வரன்: வெறும் தாளையோ?

ஜீவராணி: வெறும் தாளத்தான். "இன்னைக்கு மழ. ஆபீசுல இருந்தப்போ மழ நாள்ல ஜன்னலச் சாத்துறது என் வேல…" அப்படின்னு வாய்க்கு வந்தத கட்டுனேன். அவரு கேட்டுக்கிட்டு இருந்தாரு. மறுநாளு அவரே உருவி நீட்டுனாரு. அதுக்கு மறுநாளும். இப்ப எனக்குக் கொழுந்து எடுக்கும்போதெல்லாம் இதே நெனப்பு, இன்னைக்கு சாயந்தரம் என்னத்த வாசிக்கிறதுன்னு.

தனேஸ்வரன்: இவ்வளவு நாளுமோ! ஒரு நாளாவது பிடிபடேல்லயோ?

ஜீவராணி: ஒரு நாளு ஆசைப்பட்டு, "என் மனைவி ஜீவராணி சுடுற ரொட்டி மாதிரி இந்த ஊவா மாகாணத்துலயே கெடையாது"ன்னு வாசிச்சுட்டேன். "நானா அடிச்சேன்?"ன்னு கேட்டாரு. "ஆமா, நீங்கதான் அடிச்சிருக்கீங்க"ன்னேன். தாடையச் சொறிஞ்சுட்டு, "ம்"ன்னாரு.

தனேஸ்வரன்: ஹா ஹா… பாவம் மனுசன்!

ஜீவராணி: சிரிக்காதீங்க, கேட்டுறப் போகுது. இது தெரிஞ்சா மறுபடி செவத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்துருவாரு. "கண்ணில்லாத நான் இத்தன நாளா ஊர் சிரிக்க வெறுந்தாள அடிச்சேனா"ன்னு ஒடிஞ்சு போயிருவாரு. அவருக்குத் தெரியாம இத சரி பண்ணிக் குடுங்க. "எண்ணெய் விடணும்"னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்திருக்கேன். இந்தாங்க, கொஞ்சம் போஞ்சிக் காயி. லயத்துக்குப் பின்னாடி போட்டது.

தனேஸ்வரன்: போஞ்சி கிடக்கட்டும். மெசினை மேசையில வையுங்கோ. மூடியைக் கழட்டுவம்… றிபன் புதுசு. மை ஈரமாத்தான் இருக்கு, இஞ்ச பாருங்கோ என்ர விரலை. அப்ப ஏன்…

நிமலன்: எண்ணெய் விட்டாச்சா டொக்டர்?

தனேஸ்வரன்: விட்டுக்கொண்டிருக்கிறன் நிமலன்! நீங்கள் அந்த ரெமிங்டனை ரெண்டு தட்டுத் தட்டுங்கோ!

ஜீவராணி: என்னங்க, பொய்யெல்லாம் இவ்வளவு சரளமா வருது?

தனேஸ்வரன்: "நோகாது" எண்டு எத்தின வருசமாச் சொல்லிக்கொண்டிருக்கிறன்… பொறுங்கோ. பொறுங்கோ… அட கடவுளே. இதுவோ!

ஜீவராணி: என்ன? ஒடஞ்சிருச்சா?

தனேஸ்வரன்: ஒண்டும் உடையேல்ல. இந்தச் சின்னப் பிடி தெரியுதோ? பக்கத்தில மூண்டு புள்ளி. கறுப்பு, வெள்ளை, சிவப்பு. கறுப்பில வைச்சா றிபன் எழும்பி வந்து எழுத்துக்கும் தாளுக்கும் நடுவில நிக்கும். மை படும். வெள்ளையில வைச்சா றிபன் எழும்பாது. எழுத்து சும்மா தாளில குத்தும், அவ்வளவுதான். முந்தி ஆபீஸ் கந்தோருகளில கன பிரதி எடுக்க ஸ்டென்சில் வெட்டேக்க அப்பிடித்தான் வைப்பாங்கள். அந்த மெழுகுத் தாளில எழுத்துப் பள்ளமா விழ வேணும், மை தேவையில்லை. இது வெள்ளையில நிக்குது.

ஜீவராணி: இம்புட்டுத்தானா?

தனேஸ்வரன்: இம்புட்டுத்தான். கறுப்புக்குத் தள்ளியாச்சு. ஒரு எழுத்து அடிச்சுப் பாருங்கோ.

ஜீவராணி: …விழுந்துருச்சு. கறுகறுன்னு.

தனேஸ்வரன்: ஆனா இது எப்பிடி வெள்ளைக்குப் போனது… நான் குடுக்க முதல் ஒரு வரி அடிச்சுப் பாக்காமக் குடுக்கிறேல்ல… அந்த வரி அடிச்ச தாள் இதோ சுவரில…

ஜீவராணி: என்ன டொக்டர், தனக்குத் தானே பேசுறீங்க?

தனேஸ்வரன்: ஒண்டுமில்லை. ஒண்டுமில்லை. என்ர பிழைதான். நான்தான் துடைக்கேக்க வெள்ளையில வைச்சு மறந்திருப்பன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

ஜீவராணி: நீங்க போயி மன்னிப்பு கேக்கலாமா? மெசினே நீங்க குடுத்தது. அப்ப… அவரு அடிச்சதெல்லாம் போனது போனதுதானா?

தனேஸ்வரன்: அந்தத் தாளுகளை எறிஞ்சிட்டியளோ?

ஜீவராணி: எறிவேனா? பையிலதான் இருக்கு.

தனேஸ்வரன்: கையோட கொண்டு வந்திருக்கிறியளோ? என்னத்துக்கு?

ஜீவராணி: சும்மா… காட்டலாமேன்னு.

தனேஸ்வரன்: அப்ப ஒண்டும் போகேல்ல. மை இல்லாட்டியும் பள்ளம் இருக்குமல்லோ. பென்சிலைச் சரிச்சுப் பிடிச்சு மெல்லமாத் தேச்சமெண்டா, எழுத்து வெள்ளையாத் தெரியும்.

ஜீவராணி: அப்படியா! அப்ப அவரு மனசுல இருந்தது எல்லாமே இதுல இருக்கா? ஒவ்வொரு எழுத்துமா?

தனேஸ்வரன்: ஸ்ஸ்! மெதுவா எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். இப்ப நீங்களே கத்துறியள்.

ஜீவராணி: சந்தோசத்துல கொரலு கூடிப் போச்சுங்க. இந்தாங்க பென்சிலு.

தனேஸ்வரன்: பென்சிலும் பையிலயோ? அதுவும் சீவினபடி?

ஜீவராணி: தேயுங்க டொக்டர். இந்தத் தாள. இதுதான் மொத நாளு அடிச்சது.

தனேஸ்வரன்: கொஞ்சம் பொறுங்கோ, பல்லு மாதிரிக் கவனமாச் செய்ய வேணும்… ம்… வருது… முதல் எழுத்து 'ஜீ'… அடுத்தது…

நிமலன்: டொக்டர்! அத தேய்க்காதீங்க! விடுங்க! ஜீவா, தாளப் புடுங்கு!

தனேஸ்வரன்: ஐயோ, பாத்து வாங்கோ நிமலன், முன்னுக்கு ஸ்ரூல்… விழுத்திப் போட்டியள். கால் நோகுதோ?

நிமலன்: காலு கெடக்கட்டும். தாளு எங்க? குடுங்க இங்க.

ஜீவராணி: எந்தத் தாளுங்க? நீங்க அடிச்சதத்தான் நான் தெனமும் வாசிச்சுக் காட்டுனேனே. அதத்தானே டொக்டரும் பாக்குறாரு. அதுக்கு ஏன் இந்த ஓட்டம்?

நிமலன்: அது… அது வந்து…

ஜீவராணி: பென்சில வச்சு எதுக்குத் தேய்க்கிறாங்கன்னு கேக்கல நீங்க. தேய்க்காதீங்கன்னு கத்துறீங்க. அப்ப தாள்ல மை இல்லைன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?

தனேஸ்வரன்: நிமலன், நான் இப்ப ஒரு பொய் சொன்னனான். என்ர பிழை எண்டு. சுவரில நான் கடைசியா அடிச்சுப் பாத்த வரி தொங்குது, நல்ல கறுப்பு மை. மெசின் இந்த வீட்டை விட்டுப் போகேக்க பிடி கறுப்பிலதான் நிண்டது. ஆரும் கை வைக்காம அது நகராது.

நிமலன்: …நான்தான் டொக்டர். நான்தான் வெள்ளைக்குத் தள்ளுனேன்.

ஜீவராணி: நீங்களா?

நிமலன்: ஆபீசுல எத்தன ஸ்டென்சில் வெட்டியிருக்கேன். வேலைக்கு ஆளு பிரிக்கிற பெரட்டு நோட்டீசு, லீவு நோட்டீசு எல்லாம் நான் வெட்டுனதுதான். கண்ணு எதுக்கு? பெருவெரலு தானா அந்தப் புடிக்குப் போகும்.

தனேஸ்வரன்: வேணுமெண்டே மையில்லாம அடிச்சனீங்களோ? என்னத்துக்கு?

நிமலன்: யாரும் வாசிக்கக் கூடாதுன்னுதான். மனசுல இருக்குறத எறக்கி வச்சாப் போதும்னு நெனச்சேன். இவ திடீர்னு வந்து தாள உருவிட்டா. எனக்கு வேர்த்துக் கொட்டிருச்சு. "ஒண்ணுமே இல்லையே"ன்னு சொல்லப் போறான்னு பாத்தா… வாசிக்கிறா! மழையாம், ஜன்னலாம்!

ஜீவராணி: அப்ப நான் கட்டுனதுன்னு தெரிஞ்சேதான் கேட்டுக்கிட்டு இருந்தீங்களா?

நிமலன்: எப்படிச் சொல்றது? நீ வாசிக்கிறது பொய்யின்னா, ஏன் வெள்ளையில வச்சேன்னு நீ கேப்ப. அதோட… நல்லா இருந்துச்சு ஜீவா. நாள் முழுக்க மலையில நின்னுட்டு வந்து, அலுப்போட எனக்காக ஒரு கத கட்டி வாசிக்கிறா ஒருத்தி. அந்தக் கொரலக் கேக்குறதுக்காகவே மறுநாளும் தாளச் செருகுனேன்.

தனேஸ்வரன்: ரெண்டு பேரும் சேந்து ஒரு வெறும் தாளை இவ்வளவு நாளா ஓட்டியிருக்கிறியள். எனக்கு இது புதுசு. நான் மெசின்தான் திருத்தத் தெரிஞ்சவன்.

நிமலன்: ஆனா அந்த ரொட்டி வரி இருக்கே, டொக்டர், அது அநியாயம். நான் சத்தியமா அடிக்கல.

ஜீவராணி: அப்ப என்னதான் அடிச்சீங்க?

நிமலன்: அதெல்லாம் எதுக்கு இப்ப?

ஜீவராணி: சொல்லுங்க. இல்லாட்டி டொக்டரு தேய்ப்பாரு. பென்சிலு கையிலதான் இருக்கு.

தனேஸ்வரன்: ஓம், நான் தயார்.

நிமலன்: சும்மா இருங்க டொக்டர்… ஜீவா, நம்ம ஆளுங்கள்ல எவன் பொண்டாட்டிக்கு இதெல்லாம் சொல்றான்? எங்கப்பா எங்கம்மாவுக்கு சொன்னதில்ல. சொன்னா வாய் கூசும்.

ஜீவராணி: கூசட்டும்.

நிமலன்: …கிளாக்கரு பொண்டாட்டியா கோட்டர்ஸ்ல இருந்தவ நீ. என் கண்ணு போச்சு, நீ கூடையத் தலையில மாட்டுன. பெரட்டுக்களத்துல உன் பேரக் கூப்புட்ட அன்னைக்கி, லயத்துக்குள்ள இருந்து கேட்டேன். காதப் பொத்திக்கிட்டேன். சாயந்தரம் நீ வந்து திட்டுவேன்னு நெனச்சேன். நீ கையக் கழுவிட்டு, எனக்கு சோத்தப் போட்டுட்டு, "இன்னைக்கு மலையில நல்ல காத்து"ன்ன. அன்னையிலேர்ந்து இன்னை வரைக்கும் ஒரு கடுஞ்சொல்லு இல்ல. என்னால பேச முடியல ஜீவா. வாயத் தொறந்தா அழுகதான் வரும்னு பயம். அதத்தான் அடிச்சேன். தெனமும் அதேதான். நீ இல்லைன்னா நான் இல்ல. உனக்கு நான் பட்ட கடன் இந்தப் பொறப்புல தீராது. இவ்வளவுதான். போதுமா?

ஜீவராணி: இன்னொருக்கா சொல்லுங்க.

நிமலன்: போடி.

ஜீவராணி: டொக்டரு சரியா கேக்கல.

தனேஸ்வரன்: நான் வடிவாக் கேட்டனான். கண்ணாடிதான் துடைக்கத் துடைக்க நனையுது… நிமலன், இப்ப பிடியை எங்க வைக்கிறது? கறுப்பிலயோ, வெள்ளையிலயோ?

நிமலன்: கறுப்புலயே வைங்க. ஒளிக்க இனி என்ன இருக்கு? ஆனா வாசிக்கிறது மட்டும் அவ பழையபடி இஷ்டத்துக்கு வாசிக்கட்டும். ரொட்டி வரியும் இருந்துட்டுப் போகட்டும்.

தனேஸ்வரன்: ஒண்டு மட்டும் எனக்கு இடிக்குது, ஜீவராணி. நான் அதிர்ந்து போய் நிக்கிறன். நீங்கள் ஏதோ தெரிஞ்ச கதையைக் கேட்ட ஆள் மாதிரிச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறியள். தாளும் பையில, சீவின பென்சிலும் பையில… என்ன விசயம்?

ஜீவராணி: ஒரு நாளு லயத்துல கரண்டு போச்சு டொக்டர். குப்பி லாம்ப பக்கத்துல சரிச்சு வச்சு, அந்த மொத தாள எடுத்தேன். பள்ளத்துல எல்லாம் நெழலு விழுந்து, எழுத்து எழுத்தா எந்திரிச்சு நின்னுச்சு. அன்னையிலேர்ந்து ஒரு தாள் விடாம வாசிச்சுட்டேன், உங்க மெசினுக்கு ஒரு கொறையும் இல்லைன்னும் தெரியும். ஆனா தாள்ல வாசிச்சது எனக்குப் பத்தல. இந்த மனுசன் வாயால ஒரே ஒருக்கா கேக்கணும்னு இருந்துச்சு… அதுக்குத்தான் கதவச் சாத்த வேணாம்னேன்.